26,000 ரூபாய் காற்று உளி: எட்டு மாதம் வெட்டிப் பார்த்த பிறகு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வாங்கலாம். ஆனால் முதல் பொருளாக இதை வாங்காதீர்கள். இதைப் புரிந்துகொள்ள எனக்கு எட்டு மாதமும் கணிசமான பணமும் ஆனது, அதனால்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன். கத்திப் பிடியிலும் பூட்டிலும் பித்தளைச் சாமானிலும் கையால் பூவேலை செதுக்க வேண்டும் என்று ஆசைப்படுகிற யாராவது இதைப் படித்தால், நான் வீணாக்கிய முதல் மூன்று மாதமாவது அவருக்கு மிச்சமாகட்டும்.

பொருள் இதுதான்: கம்ப்ரஸர் காற்றில் ஓடுகிற செதுக்கு உளி. செருப்புப் பெட்டி அளவுக்கு ஒரு கன்ட்ரோல் பாக்ஸ், காலால் மிதிக்க ஒரு பெடல், உள்ளங்கையில் அடங்குகிற இரண்டு கைப்பிடிகள் (ஒன்று மெல்லிய கோட்டுக்கு, இன்னொன்று ஆழமாக வெட்ட), ஆறு உளிகள், டியூப், ஒரு ஆலன் கீ. பெட்டியின் மேல் கம்பெனிப் பெயர் எதுவும் கிடையாது, இதே பொருள் ஆன்லைனில் நாலைந்து பெயரில் கிடைக்கிறது. சுங்கவரி, கூரியர் எல்லாம் சேர்த்துப் போன ஆடியில் எனக்கு 26,000 ரூபாய் ஆனது.

வேலை செய்கிற விதம் எளிமையானது. பாக்ஸ் காற்றை விட்டு விட்டுக் கைப்பிடிக்குள் அனுப்புகிறது. உள்ளே இருக்கும் குட்டி பிஸ்டன் முன்னால் பாய்ந்து உளியின் பின்பக்கத்தில் தட்டுகிறது, ஸ்பிரிங் அதைத் திரும்ப இழுத்துக்கொள்கிறது. நிமிடத்துக்கு 400 தட்டிலிருந்து 8,000 வரை குமிழைத் திருப்பி வைத்துக்கொள்ளலாம். எவ்வளவு ஓங்கித் தட்ட வேண்டும் என்பதைப் பெடல் பார்த்துக்கொள்ளும். ரோட்டரி மெஷின் மாதிரி சுற்றித் தேய்ப்பதோ லேசர் மாதிரி எரிப்பதோ இதில் இல்லை. சுத்தியலால் உளியைத் தட்டுகிற பழைய வேலையைத்தான் இது வேகமாகச் செய்கிறது, சுத்தியல் பிடிக்க வேண்டிய கை இதில் வேலையைக் கவ்விப் பிடிக்கிற வைஸைத் திருப்பப் போய்விடுகிறது. இந்த வகைக் கருவிகளில் உலகம் முழுக்கப் பேர் வாங்கியவை இரண்டு. ஒன்று அமெரிக்காவில் கன்சாஸ் மாநிலம் எம்போரியாவில் இருக்கிற ஜிஆர்எஸ் கம்பெனியுடையது, இன்னொன்று நெப்ராஸ்காவில் ஸ்டீவ் லிண்ட்சே செய்கிற ஏர்கிரேவர். அவற்றை வைஸோடு சேர்த்து இங்கே வரவழைத்தால் லட்சத்தைத் தாண்டிவிடும். பொழுதுபோக்குக்காகச் செய்கிற எனக்கு அது கட்டுப்படியாகாது என்பதால்தான் இந்தப் பெயரில்லாத செட்டுக்குப் போனேன்.

கம்ப்ரஸர் விஷயத்தில் எனக்குக் கஷ்டமே இல்லை. கோயம்புத்தூர்க்காரனுக்கு கம்ப்ரஸரும் பம்பும் தேடி அலைய வேண்டிய பொருளா என்ன. எண்ணெய் இல்லாமல் ஓடுகிற 24 லிட்டர் டேங்க் ஒன்று 9,000 ரூபாய்க்கு வாங்கினேன், இந்த வேலைக்கு அது தாராளம். ஒன்று மட்டும் செய்யுங்கள்: பாக்ஸுக்கு முன்னால் தண்ணீர் பிரிக்கிற ஃபில்டர் ஒன்று கட்டாயம் மாட்டுங்கள், மழைக்காலத்தில் டேங்க்கைத் தினமும் வடித்துவிடுங்கள். ஐப்பசி மழையில் இரண்டு நாள் வடிக்காமல் விட்டேன், கைப்பிடிக்குள் ஈரம் போய் பிஸ்டன் ஒட்டிக்கொண்டது.

இனி அந்த மூன்று மாதக் கதை. செட்டைப் பிரித்த அன்றைக்கே 2 மில்லிமீட்டர் பித்தளைத் தகட்டில் ஒரு நேர்கோடு போட்டுப் பார்த்தேன். உளி ஒரு சென்டிமீட்டர் ஓடியது, அப்புறம் மூக்கைக் குத்திக்கொண்டு தகட்டுக்குள் இறங்கியது. இழுத்து எடுத்து மறுபடி வைத்தால் இந்தத் தடவை பிடிக்கவே இல்லை, வழுக்கித் தகட்டின் மறுகோடி வரைக்கும் ஒரு கீறல். விற்றவருக்கு எழுதினேன். காற்றழுத்தத்தைக் கூட்டச் சொன்னார். கூட்டினேன், ஒரே மாலையில் மூன்று உளிகளின் முனை முறிந்தது. மெஷினே கோளாறு என்று முடிவு கட்டி மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டேன். அது அங்கேயே புரட்டாசி முடிகிற வரை கிடந்தது.

அதை வெளியே எடுக்க வைத்தவர் ராஜ வீதிப் பக்கம் ஒரு பாத்திரக்கடை வாசலில் உட்கார்ந்து பேர் வெட்டுகிற அண்ணன் ஒருவர். நாற்பது வருஷத்துக்கு மேல் சீர்ப் பாத்திரங்களுக்குப் பேர் வெட்டுகிறவர். எவர்சில்வருக்குக் கரண்டில் ஓடும் மெஷினை எடுக்கிறார், ஆனால் பித்தளை அண்டாவோ செப்புக் குடமோ வந்தால் இன்னமும் உளியும் சின்னச் சுத்தியலும்தான். எவர்சில்வர் டம்ளரில் நம் பேர் புள்ளி புள்ளியாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த மெஷின் உலோகத்தைச் சீவி எடுப்பதில்லை, குத்திக்கொண்டே போகிறது. வெட்ட வெட்ட இறுகிப்போகிற எஃகு அது, அதனால் அங்கே அதுதான் சரியான வழி. ஆனால் பித்தளையில் அவர் வெட்டுகிற எழுத்தில் புள்ளி கிடையாது, வாய்க்கால் மாதிரி ஒரே ஓட்டமாக இருக்கும்.

என் கைப்பிடியையும் முறியாத மூன்று உளிகளையும் கொண்டுபோய்க் காட்டினேன். கைப்பிடியை அவர் ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. ஒரு உளியை எடுத்து, இடது கட்டை விரல் நகத்தின் மேல் முனையைச் சாய்வாக வைத்தார். அழுத்தவில்லை, வெறுமனே வைத்தார். முனை வழுக்கிக்கொண்டு கீழே வந்தது.

“ஏனுங்க தம்பி, இத தீட்டவே இல்லீங்களா?”

“புதுசுங்கண்ணா. பெட்டியில இருந்து அப்படியே எடுத்தது.”

“புதுசுன்னா என்னங்க. நகத்துல நிக்கோணும். வழுக்குச்சுன்னா தகட்டுலயும் வழுக்கும்.”

அவருடைய உளியை என் நகத்தில் வைத்தார். எடையே இல்லாத மாதிரி இருந்தது, ஆனால் வைத்த இடத்திலேயே நின்றது. அந்தக் கணத்தில்தான் நான் மூன்று மாதமாகக் குறை சொல்லிக்கொண்டிருந்தது தவறான பொருளை என்று விளங்கியது.

சரி, செட்டோடு வருகிற உளிகளில் என்ன கோளாறு? பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் தெரியும். முகத்தை 45 டிகிரியில் தீட்டியிருக்கிறார்கள், அது சரி. ஆனால் தீட்டிய கோடுகள் அப்படியே உழுத வயல் மாதிரி இருக்கின்றன. அதைவிடப் பெரிய குறை, அடியில் குதிகாலே இல்லை. உளியின் அடிப்பக்கத்தில் முனைக்குக் கீழே 15 முதல் 20 டிகிரி வரை சாய்த்து ஒரு மிகச் சின்னப் பட்டை தீட்ட வேண்டும், நான் குதிகால் என்று சொல்வது அதைத்தான். உளி உலோகத்துக்குள் மூழ்கிவிடாமல் தூக்கிப் பிடிப்பது அது. வளைவில் திரும்ப விடுவதும் அதுதான். அது இல்லாவிட்டால் உளி ஆழமாக இறங்கிக்கொண்டே போகும், முனை முறிகிற வரைக்கும். ரொம்ப நீளமாக இருந்தாலும் தப்பு: வளைவில் திரும்பும்போது குதிகாலின் பின்பகுதி கோட்டின் வெளிக்கரையை உரசிப் பிசிறு கிளப்பும். அரை மில்லிமீட்டரைத் தாண்டாமல் பார்த்துக்கொள்கிறேன், சின்னச் சுருளுக்கு அதிலும் பாதி.

இதை வெறும் கையால் கல்லில் தீட்டுவது அந்த அண்ணனுக்குக் கைவந்த கலை. எனக்கு முடியவில்லை. கோணத்தைப் பிடித்து வைக்க ஒரு ஜிக் வேண்டும். இதில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் கோணத்தையும் சுழற்சியையும் டிகிரி பார்த்துத் திருகி வைக்க வேண்டும், ஜிஆர்எஸ் பாணி அது. இன்னொன்று லிண்ட்சேயின் டெம்ப்ளேட் முறை. கோணங்கள் ஜிக்கிலேயே வெட்டப்பட்டிருக்கும், உளியை மாட்டி ஒவ்வொரு முகமாகச் சாணைத் தட்டில் வைத்தால் போதும், தவறு செய்ய இடமே இல்லை. நான் வாங்கியது முதல் வகையில் 3,500 ரூபாய்க்கு ஒரு ஜிக், கூடவே மெதுவாகச் சுற்றுகிற சாணை ஒன்று 11,000 ரூபாய்க்கு. 600 கிரிட் (எண் கூடக் கூடத் தட்டு நைஸ்) வைரத் தட்டில் உருவம், 1200 கிரிட்டில் சுத்தம், கடைசியாக அரை மைக்ரான் வைரப் பசை தடவிய தட்டில் குதிகாலுக்கு நாலு இழுப்பு. அந்தக் கடைசி நாலு இழுப்பை விட்டுவிடாதீர்கள். குதிகால் எவ்வளவு பளபளப்போ அவ்வளவு பளபளப்பாகத்தான் வெட்டிய கோடும் வரும்.

தீபாவளிக்கு முந்தின ஞாயிறு, அப்படித் தீட்டிய உளியை மாட்டி அதே பித்தளைத் தகட்டில் வைத்தேன். அழுத்தத்தைப் பாதியாகக் குறைத்திருந்தேன். பெடலை லேசாக மிதித்ததும் கைப்பிடி ர்ர்ர் என்று வண்டு மாதிரி முனகியது, முனைக்கு முன்னால் தலைமுடி கனத்தில் ஒரு பித்தளைச் சீவல் எழுந்து, சுருண்டு, சுருண்டு, தேங்காய்த் துருவல் மாதிரி வளர்ந்துகொண்டே போனது. நான் தள்ளவில்லை. கோடு போகிற பக்கம் காட்டினேன், அது போனது. நிறுத்திச் சீவலை ஊதிவிட்டுப் பார்த்தால் கோட்டின் இரண்டு சரிவும் கண்ணாடி. விளக்கைக் கொஞ்சம் நகர்த்தினால் ஒரு சரிவு இருண்டு மறு சரிவு மின்னுகிறது. அன்றைக்கு ராத்திரி பதினொன்றரை வரைக்கும் நேர்கோடு மட்டுமே போட்டுக்கொண்டிருந்தேன், சாப்பிடக் கூப்பிட்டது காதில் விழவில்லை.

இனி மெஷினைப் பற்றி நியாயமாகப் பேசலாம். மெல்லிய கைப்பிடி உண்மையிலேயே நன்றாக இருக்கிறது. நிமிடத்துக்கு 6,000 தட்டு, குறைந்த பலம் என்று வைத்தால் பேனாவால் எழுதுகிற மாதிரி ஓடுகிறது, நிழல் கோடுகள் போட அருமை. பெரிய கைப்பிடி எனக்குப் பிடிக்கவில்லை. ஆழமாக வெட்டும்போது கை மரத்துப்போகிற அளவுக்கு அதிர்வு, அரை மணி நேரத்துக்கு மேல் என்னால் பிடிக்க முடியவில்லை. பெடலில்தான் குறை. மிதிக்க ஆரம்பித்து முதல் கால்வாசிக்கு ஒன்றுமே நடக்காது, அப்புறம் சட்டென்று பலம் ஏறும். சுருளின் முடிவில் கோட்டை மெல்ல மெல்லக் குறைத்து ஊசிமுனையாக முடிக்க வேண்டிய இடத்தில் இது உயிரை எடுக்கிறது. பெடலுக்குப் போகிற டியூபில் ஒரு குட்டி நீடில் வால்வு சேர்த்துக் கொஞ்சம் காற்றை எப்போதும் கசிய விட்டேன், இப்போது மிதித்த உடனே அசைகிறது. முழுமையாகத் தீரவில்லை, ஆனால் பழகிவிட்டது. சத்தம் பக்கத்து அறையில் தூங்குகிறவரை எழுப்பாது, கம்ப்ரஸர்தான் எழுப்பும்.

வைஸைப் பற்றி யாரும் சொல்லாததால் சொல்கிறேன். செதுக்குகிறபோது வளைவைக் கை போடுவதில்லை, வைஸ்தான் போடுகிறது. வலது கை உளியை ஒரே இடத்தில் ஒரே கோணத்தில் பிடித்திருக்கும், இடது கை பந்து மாதிரி அடிப்பாகம் உள்ள வைஸைத் திருப்பிக்கொண்டே வேலையை உளிக்குள் ஊட்டும். சாதாரணப் பட்டறை வைஸில் முதலில் முயற்சி செய்தேன், நேர்கோட்டைத் தவிர எதுவும் வரவில்லை. பால் வைஸ் 9,500 ரூபாய், வெண்ணெய் மாதிரி சுற்றுகிறது. அப்புறம் கண்ணுக்கு. தலையில் மாட்டும் லென்ஸில் ஆரம்பித்து இப்போது 18,000 ரூபாய்க்கு ஸ்டீரியோ மைக்ரோஸ்கோப் வாங்கியிருக்கிறேன், எனக்கு நாற்பத்தாறு வயது, அது இல்லாமல் முனை முறிந்திருப்பதே தெரிவதில்லை. முறிந்த முனையோடு தள்ளுகிறபோதுதான் உளி வழுக்கி மறு கையில் ஏறும். எனக்கு இடது ஆள்காட்டி விரலில் இரண்டு தையல் போட்டார்கள். உளி போகிற பாதையில் மறு கையை வைக்கவே வைக்காதீர்கள்.

எதில் வெட்டலாம் என்று கேட்பவர்களுக்கு: பித்தளை முதல் நண்பன். செம்பு மெத்தென்று இருக்கும், ஆனால் உளியில் அப்பிக்கொண்டு இழுக்கும். மைல்டு ஸ்டீல் நன்றாக வெட்டுகிறது, பயிற்சிக்கு அதுதான் உண்மையான பள்ளிக்கூடம். உளிக்கு உள்ளூர் லேத் கடைகளில் கிடைக்கிற எச்எஸ்எஸ் (ஹை ஸ்பீட் ஸ்டீல்) சதுர டூல் பிட் போதும், எவர்சில்வருக்கு மட்டும் அதைவிடக் கடினமான கார்பைடு வாங்கிக்கொள்ளுங்கள். கத்தி என்றால் அலகில் செதுக்க நினைக்காதீர்கள். நல்ல கத்தியின் அலகு ராக்வெல் என்கிற கடினத்தன்மை அளவில் 58, 60 என்று இறுக்கப்பட்டிருக்கும், அதில் வைத்தால் உளிதான் கெட்டுப்போகும். அலகுக்கும் பிடிக்கும் நடுவில் இருக்கிற உலோகக் கட்டை, போல்ஸ்டர் என்பார்கள், அதுதான் செதுக்குகிறவனின் இடம். பித்தளை போல்ஸ்டர் உள்ள மடக்குக் கத்தியாகப் பார்த்து வாங்குங்கள். என் முதல் உருப்படியான வேலை அப்படி ஒரு கத்தியில்தான். பேரூர் கோயில் தூண்களில் பார்த்து வரைந்துவந்த கொடியை இரண்டு பக்கமும் ஓட விட்டேன். மேல்நாட்டு வடிவப் புத்தகங்களில் இருக்கிற இலைச் சுருளைப் பார்த்து ஏங்க வேண்டியதே இல்லை. நம் ஸ்தபதிகள் கொடிக்கருக்கு என்று கல்லில் ஓட விட்டிருப்பது அதே சுருள்தான், தண்டிலிருந்து இலை பிரிகிற இடம் அவ்வளவு இயல்பாக இருக்கும். திண்டுக்கல் பூட்டின் பித்தளை முகமும் இதற்கென்றே செய்த மாதிரி தட்டையாக, அகலமாக இருக்கிறது.

துப்பாக்கி பற்றியும் சிலர் கேட்கிறார்கள். இந்தக் கலை உச்சத்துக்குப் போனது அதில்தான், மறுக்கவில்லை. இத்தாலியில் பெரெட்டா துப்பாக்கிக் கம்பெனி இருக்கிற கார்டோனே வால் ட்ரொம்பியா ஊரில் புலினோ என்று ஒரு முறை, ஊசிமுனை மாதிரியான உளியைக் கையால் மட்டும் தள்ளி, நுண்ணிய புள்ளிகளாலும் கோடுகளாலும் இரும்பில் புகைப்படம் மாதிரி பறவையும் நாயும் எடுக்கிறார்கள். காற்றுக் கருவியே வேண்டாம் அதற்கு. ஆனால் இங்கே 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இருக்கிறது, லைசென்ஸ் இல்லாத என் மேஜைக்கு அடுத்தவர் துப்பாக்கி வரக் கூடாது. அதில் இருக்கிற எண்ணையோ முத்திரையையோ அழிப்பதும் அதே சட்டப்படி குற்றம். யாராவது செய்து தருகிறேன் என்றால் கொடுக்காதீர்கள்.

எனக்கு இந்த எட்டு மாதத்தில் மனசு நிறைந்த வேலை ஒன்று உண்டு. அம்மிச்சியின் (அம்மாவின் அம்மா) பாக்குவெட்டி. இரும்பு வாய், பித்தளைக் கைப்பிடி, கைப்பிடியில் முன்பு இருந்த மயில் தேய்ந்து தேய்ந்து கழுத்தும் ஒரு தோகைக் கண்ணும்தான் மிச்சம். அதன் மேல் புதிதாக வெட்ட மனம் வரவில்லை. மைக்ரோஸ்கோப்பில் வைத்து, பழைய கோடு எங்கே போயிருக்கிறது என்று தேடித் தேடி, அந்தத் தடத்திலேயே உளியை நடத்தினேன். காற்றை மூடிவிட்டு வெறும் கையால் தள்ளித்தான் செய்தேன், ஏனென்றால் தேய்ந்த பித்தளை மெலிந்திருந்தது. பழைய கோட்டில் அந்தக் காலத்து ஆசாரி ஒரு இடத்தில் வழுக்கியிருக்கிறார், தோகையின் வலது ஓரத்தில் ஒரு அரிசி நீளத்துக்கு. அதை அப்படியே விட்டிருக்கிறேன். அம்மா அதை வாங்கி விரலால் தடவிப் பார்த்தார், கழுத்து எப்பவும் இப்படித்தான் சாஞ்சிருக்கும் என்றார்.

பணக் கணக்கு: காற்று உளி 26,000, கம்ப்ரஸர் 9,000, வைஸ் 9,500, சாணை 11,000, ஜிக் 3,500, மைக்ரோஸ்கோப் 18,000. மொத்தம் 77,000. புதிதாகத் தொடங்குகிறவர் என்னிடம் கேட்டால் சாணை, ஜிக், வைஸ் மூன்றையும் 24,000 ரூபாய்க்கு முதலில் வாங்கச் சொல்வேன். ஒரு டூல் பிட்டைத் தீட்டி, உள்ளங்கைக்கு ஒரு காளான் வடிவ மரப் பிடி கடைந்து மாட்டி, ஆறு மாதம் பித்தளையில் கையால் தள்ளிப் பழகுங்கள். நகத்தில் நிற்கிற உளியை நீங்களே தீட்ட வந்த பிறகு இந்த மெஷினை வாங்கினால் முதல் நாளிலிருந்தே கொடுத்த காசுக்கு உழைக்கும். அப்படி வாங்குபவருக்கு ஐந்துக்கு நான்கு கொடுப்பேன், பெடலுக்காக ஒன்று குறைத்து. நான் வாங்கிய மாதிரி வாங்குபவருக்கு இரண்டுதான்.

இன்னொரு விஷயம். ஆறு மாதத்தில் மெல்லிய கைப்பிடிக்குள் காற்றை அடைக்கிற ரப்பர் வளையம், ஓ-ரிங், தேய்ந்து காற்று கசிய ஆரம்பித்தது. விற்றவர் முழுக் கைப்பிடியையும் மாற்றச் சொல்லி 7,000 ரூபாய் கேட்டார். பழைய ரிங்கைக் கழற்றிக் காந்திபுரத்தில் ஒரு நியூமேட்டிக் சீல் கடையில் காட்டினேன், அதே அளவில் பத்து ரிங் அறுபது ரூபாய். மாட்டுவதற்கு முன் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய், அவ்வளவுதான். இன்னும் எட்டு ரிங் டப்பாவில் இருக்கிறது.